பத்துக்கு எத்தனை

வாரம் இரண்டு நாள் சிறைக்குப் போய், மனச்சோர்வில் கிடக்கும் கைதிகளோடு பேசுவது என் வேலை. மருந்து கிடையாது, பேச்சு மட்டும்தான். வெட்டி அரட்டைக்குச் சம்பளமா என்று வார்டர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களிடம் லத்தி இருக்கிறது, என்னிடம் வாய் இருக்கிறது. எது அதிக நாள் உழைக்கிறது என்று பார்த்துவிடலாம்.

என்னிடம் வந்தவர்களில் ஒருவர், வெளியே தச்சராக இருந்தவர். உள்ளே அவருக்குப் பெயர் ஊமைக்கோட்டான். மூன்று மாதம் என் முன்னால் உட்கார்ந்து தரையையே பார்த்தார். பேசியபோதும் சாவைப் பற்றித்தான் பேசினார். ஒரு தாள் கொடுத்து, தினமும் எழுதச் சொன்னேன்: எத்தனை மணிக்கு என்ன நடந்தது, அப்போது மனசு எவ்வளவு கனத்தது, பத்துக்கு எத்தனை.

செல்லில் சோதனை போட்டபோது அந்தத் தாள் சிக்கியது. ‘ஆறு மணி, கதவு திறந்தது, 9. பத்தேகால், குட்டை வார்டர் போனார், 9. இரண்டு மணி, காவல் மாறியது, 9.’ எழுதுவதற்கு அங்கே வேறு என்னதான் நடக்கிறது? தப்பிக்கத் திட்டம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பதினைந்து நாள் தனிக்கொட்டடி என்றார் சூப்பிரண்டு. தனியாக அடைத்தால் இந்த மனுஷன் உயிரோடு வரமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை சூப்பிரண்டின் அறைக்குப் போனேன். தச்சரையும் அங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள். எழுதச் சொன்னது நான்தான் என்றேன். அப்படியானால் மூன்று மாதமாக இவர் உங்களிடம் சொன்னதையெல்லாம் எழுதிக் கொடுங்கள், விட்டுவிடுகிறேன் என்றார் சூப்பிரண்டு. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“அவர் சொன்னது அவரோட சொத்து சார். அதை எடுத்துக் குடுக்க நான் யாரு? தண்டனைன்னா முதல்ல எனக்குக் குடுங்க.”

சொல்லிவிட்டேன். என் வீம்புக்கு அவர் பலியாகிவிட்டால்? சூப்பிரண்டு தாளைக் கிழிக்கப் போனார்.

“கிழிக்காதீங்க.”

யார் பேசியது என்று எனக்கே சட்டென்று புரியவில்லை. தச்சர் தலையை நிமிர்த்தியிருந்தார்.

“வியாழக்கிழமை நாலு மணியப் பாருங்க. சிரிச்சேன்னு எழுதியிருக்கேன். ரெண்டு வருஷத்துல ஒரே தடவ. கொட்டடில போடணும்னா போடுங்க. அந்தத் தாளோடதான் போவேன்.”

சூப்பிரண்டு வரியைத் தேடிப் பிடித்து வாய்விட்டுப் படித்தார். ‘நாலு மணி, குட்டை வார்டர் வழுக்கி விழுந்தார், சிரித்தேன், 6.’ வாசலில் நின்ற குட்டை வார்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அன்றைக்கு விழுந்தது உண்மைதான் என்றார்.

தப்பிக்க நினைக்கிறவன் இதையெல்லாமா எழுதுவான் என்று முணுமுணுத்த சூப்பிரண்டு, தாளை மேசையில் தள்ளினார். போகலாம் என்று கையைக் காட்டினார்.

தச்சர் நகரவில்லை. என்னிடம் பென்சில் வாங்கி, சூப்பிரண்டின் மேசையிலேயே குனிந்து எழுதினார். எட்டிப் பார்த்தேன்.

‘பதினொன்று இருபது. சூப்பிரண்டோடு சண்டை போட்டேன். 3.’