அக்கரை விளக்குகள்

கேளுங்கள் கண்ணுகளா. காக்ஸ் டவுனில் மதலைமுத்து, யூனிஸ் என்று ஒரு தம்பதி இருந்தார்கள். அவர்களுடைய ஒரே மகள் ஆஞ்சலா ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதன் பிறகு மதலைமுத்து அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. கல்லறைத் திருநாளுக்கு இறந்தவர்களின் பெயரைக் கோயிலில் கொடுத்தால் சாமியார் பூசையில் வாசிப்பார். யூனிஸ் வருஷா வருஷம் கெஞ்சுவாள்.

"செத்தவங்களோட சேத்து எம்பொண்ணு பேரைப் படிக்கணுமா? வேணாம்."

தகப்பன் வாயால் சொல்லாமல் கொடுக்க அவளுக்கும் மனம் வரவில்லை.

ஒரு அக்டோபரில் யூனிஸ் வாடகை நூலகத்திலிருந்து ஒரு நாவல் கொண்டுவந்தாள். அவள் வேலூர்க்காரி. மதலைமுத்து இங்கேயே பிறந்து கன்னடமும் இங்கிலீஷும் படித்தவர். தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. அதனால் அவள் வாசிப்பாள், அவர் கேட்பார்.

கதையில் ஒரு பெரிய ஏரி. இறந்தவர்கள் அக்கரையில் குடியிருக்கிறார்கள்.

"நம்ம அல்சூர் ஏரிக்கு அந்தாண்ட மிலிட்டரி கேம்ப்தானே இருக்குது?" என்று சிரித்தார்.

இக்கரையில் இறந்தவர் ஒருவரின் பெயரைச் சொன்னால் அக்கரையில் அவர் வீட்டு விளக்கு எரியுமாம்.

சிரிப்பு நின்றது. "சொல்லலேன்னா?"

"இருட்டுலதான் இருப்பாங்களாம்."

"எழுதுனவனுக்கு என்னா தெரியும்? புள்ளையப் பறிகொடுத்தானா அவன்? திருப்பிக் குடுத்துரு அந்த புக்கை!"

யூனிஸ் புத்தகத்தை மூடி வைத்தாள்.

மறுநாள் காலை முகத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்றார். "ஏம்மா, நாம ரெண்டு பேரும் போயிட்டா அப்புறம் யாரு சொல்லுவாங்க?"

"அதைப் பத்தி ஒண்ணும் போடலை."

"போட்டிருக்கணும்ல?"

யூனிஸ் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவரே கோயிலுக்குக் கிளம்பினார், யூனிஸும் கூடப் போனாள். பெயர் எழுதிக்கொள்ளும் கோயில்பிள்ளை சின்னப்பா நிமிர்ந்து பார்த்தார். யூனிஸ் ஓரடி பின்னால் நின்றாள். மதலைமுத்து குனிந்து முணுமுணுத்தார்.

"ஆஞ்சலா."

"காதுல விழலை சார்."

"ஆஞ்சலா! என் பொண்ணு ஆஞ்சலா!"

வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அங்கிள், நான் சோனியா. ஆஞ்சலாவும் நானும் ஒரே பெஞ்சு. கணக்கு மிஸ் மாதிரியே நடந்து காட்டுவா. நாங்க இன்னும் அவ பேரைச் சொல்லி, அதே மாதிரி நடந்து சிரிப்போம்."

"எம்பொண்ணா? வீட்ல அப்படி நடந்ததே இல்லியே! எப்டி நடப்பா?"

சோனியா இடுப்பில் கைவைத்து, தாடையைத் தூக்கி, நாலடி நடந்தாள். மதலைமுத்து அப்படியே கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று யூனிஸுக்குத் தெரியவில்லை.

"இன்னொரு வாட்டி நடம்மா," என்றார்.