ஒரு மணி அலாரம்

தமிழ்நிலா மறுபடியும் வாசலுக்கு ஓடிப்போய்ப் பறையடிப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காதீங்கண்ணா. அப்பா நைட் ஷிப்ட் பாத்துட்டுத் தூங்குறாரு."

கோல் பாதியில் நின்றது. ஷாமியானாவுக்குள் யாரோ விம்மினார்கள்.  குழந்தையின் அத்தை நந்தினி காலையில் சொன்ன பொய் அது.

காலையில் நிலக்கரி மைன்ஸிலிருந்து வந்த அண்ணன் கொளஞ்சிநாதன் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியிலேயே சரிந்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியபோது, ஐந்து வயதுக் குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். "அப்பா தூங்குறாரும்மா" என்று நந்தினி வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். அப்பா பகலில் தூங்கினால் மிக்ஸிகூட ஓடாத குவார்ட்டர்ஸ் அது. குழந்தை காவலுக்கு நின்றுவிட்டாள்.

"பக்கத்து வூட்டுல வுட்டுட்டு வாம்மா" என்றார் சிங்காரவேல் பெரியப்பா. "ஒரு மணிக்கு எடுத்துடலாம். பாத்தா பயந்துக்கும்."

"அப்புறம் தேடுவாளே பெரியப்பா?"

"சின்னதுதானே. ரெண்டு நாள்ல மறந்துடும்."

தூங்கின அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபின், இன்று ராத்திரி அவளை எந்த வாயால் தூங்கச் சொல்வது? அண்ணி செங்கமலம் ஐஸ் பெட்டிமேல் கன்னத்தை வைத்துக் கிடந்தாள். கேட்கும் நிலையில் இல்லை. மணி பன்னிரண்டரை. நந்தினி குழந்தையைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள்.

"நிலா, அத்த காலையில பொய் சொல்லிட்டேன். அப்பா தூங்கல. செத்துட்டாரு."

சொன்னதும் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

"அப்பிடின்னா?"

"மூச்சு நின்னுடுச்சு. வலிக்காது, குளிராது. இனிமே எழுந்திரிக்க மாட்டாரு."

"நான் கால் வெரல இழுத்தாகூடவா?"

நைட் ஷிப்ட் நாட்களில் மதியம் ஒரு மணிக்கு அலாரம் அடித்ததும் அவள்தான் பெருவிரலை இழுத்து எழுப்புவாள். அண்ணன் இரண்டு தரம் பொய்க் குறட்டை விட்டுவிட்டு, மூன்றாவது இழுப்பில் "ஐயோ, வெரலு போச்சே!" என்று எழுந்து உட்காருவான்.

"இழுத்தாகூட."

"நீ இப்பதான் பொய் சொல்ற. அலாரம் அடிக்கட்டும், பாரு."

 காலையில் சொன்ன பொய் நிலைத்துவிட்டது. இப்போது சொல்லும் உண்மை ஒட்டவில்லை.

"சரி, வந்து பாரு. பயமா இருந்தா அத்த கையப் புடிச்சிக்க. வெளிய போவணும்னாலும் சொல்லு."

ஒரு மணி நெருங்கியபோது உடலைக் குளிப்பாட்டிப் புது வேட்டி உடுத்தி வாசல் பெஞ்சில் படுக்கவைத்திருந்தார்கள். கால் பெருவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். குழந்தை அலாரம் கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள். பெரியப்பா முகத்தைச் சுளித்தார், தடுக்கவில்லை.

அலாரம் அடித்தது.

தமிழ்நிலா குனிந்து, கட்டிய விரல்களைச் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு தரம் இழுத்தாள்.  மூன்றாவது தரம் இழுக்கவில்லை, தொட்டுக்கொண்டு மட்டும் நின்றாள்.

"சில்லுன்னு இருக்கு அத்த."

"ஆமாம்மா."

கடிகாரம் அடித்துக்கொண்டே இருந்தது. குழந்தை அதைத் திருப்பி, பின்பக்கப் பொத்தானை அழுத்தி நிறுத்தினாள். பிறகு பறையடிப்பவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப அடிங்கண்ணா."