நீராவி அறையில் ஒரு ரவுட்டர்

என் மச்சான் ரைமோ வாசலில் காலணியைக் கழற்றும்போதே சொற்பொழிவைத் தொடங்கிவிட்டார்.

"மாப்ள, நெட்டுங்கறது ஒரு நதி. அதுக்குக் கரை கட்டத் தெரியணும்."

"எங்க வீட்டு நதி தார்யா வேலைக்கு உக்காந்தா மட்டும் வத்திப்போகுது மச்சான்," என்றேன்.

ரைமோ என் மனைவி தார்யாவின் அண்ணன். லாஹ்தி நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகராட்சியில் டிஜிட்டல் மாற்றத்துக்குத் தலைவர். அந்தப் பதவி வந்த பிறகு அங்கே மாறியது அவருடைய விசிட்டிங் கார்டு மட்டும்தான் என்பது என் கட்சி. ஆனால் அன்று சனிக்கிழமை. பனிச்சேற்றில் நாற்பது நிமிடம் கார் ஓட்டிக்கொண்டு, கூப்பிட்ட உடனே வந்திருந்தார். அதனால் வாயை மூடிக்கொண்டு காப்பி ஊற்றினேன்.

விஷயம் சின்னதல்ல. தார்யா சைகை மொழி மொழிபெயர்ப்பாளர். அவள் வேலை பார்த்த அலுவலகத்தை வசந்தத்தில் மூடிவிட்டார்கள். ஐம்பத்து மூன்று வயதுக்காரியை யாரும் ஓடிவந்து எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தே வீடியோவில் மொழிபெயர்க்கிற வேலைக்கு ஒத்திகை வைத்தது. டாக்டர் பேசுவதைக் கேட்டு, காது கேளாத நோயாளிக்கு இவள் திரையில் கையால் சொல்ல வேண்டும். இரண்டு ஒத்திகையிலும் இணைப்பு அறுந்துவிட்டது. இரண்டாவது தடவை இவள் கை அந்தரத்தில் உறைந்துபோக, பஸ்ஸை நிறுத்துகிற பெண்ணைப் போல ஒரே கோலத்தில் அவர்களுக்குத் தெரிந்தாளாம். திங்கட்கிழமை மூன்றாவது. அதுவே கடைசி என்று பணிவாக எழுதியிருந்தார்கள்.

"சினிமா பார்த்தா ஓடுதுண்ணே. நான் வேலைன்னு உக்காந்தா நின்னுடுது," என்றாள் தார்யா. "அதுக்கு என்னைப் பிடிக்கலையோ என்னவோ."

"மிஷினுக்குப் பிடிக்கிறது பிடிக்காததெல்லாம் கிடையாது. ரவுட்டர் எங்க?"

"சௌனால."

இதில் ரைமோ ஆச்சரியப்படவில்லை. எங்கள் ஊர் அடுக்குமாடிகளில் குளியலறைக்குப் பின்னால் ஆளுக்கொரு குட்டி சௌனா உண்டு. அடுப்பின் மேல் கல்லைச் சூடாக்கி, தண்ணீர் தெளித்து, ஆவியில் வேர்த்தபடி உட்காருகிற மர அறை. கட்டிடத்தின் அடியில் எல்லோருக்கும் பொதுவாகப் பெரிய சௌனா இருப்பதால், வீட்டுக்குள் இருப்பது மெல்ல மெல்லப் பரணாகிவிடும். எங்களுடையதில் பனிச்சறுக்குக் கட்டைகள், கோடைகால டயர்கள், கிறிஸ்துமஸ் நட்சத்திரம், காலி ஜாம் புட்டிகள். ரவுட்டரின் விளக்கு தூங்கவிடாமல் கண்ணடிக்கிறது என்று அதையும் மேல்பலகையில் ஏற்றியிருந்தோம்.

ரைமோ டயர்மேல் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். பக்கத்து வீடுகளின் வைஃபையெல்லாம் நம் சேனலில் முட்டி மோதுகின்றன என்றார். சேனலை மாற்றினார். நெட்வொர்க்குக்கு 'தார்யா தொடர்பு மையம்' என்று பெயர் சூட்டினார். அவர் வைத்த பாஸ்வேர்டை அடிக்கவே தனியாக ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. ரவுட்டரை அணைத்தார், எழுப்பினார், மறுபடி அணைத்தார். ஒவ்வொரு தடவையும் கூடத்தில் தார்யா பார்த்து, "ஓடுது" என்றாள். அதுதான் சங்கடமே. எப்போதும்தான் ஓடுகிறது.

"கம்பியவே இழுத்துட்டா என்ன மச்சான்?"

"கம்பி போன நூற்றாண்டு."

மதியம் ஆனது. பெட்டிகளுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. "தார்யா, நிஜ வேலைக்கு எப்படி உக்காருவியோ, ஒண்ணு விடாம அப்படியே செய். இங்கிருந்து நான் கண்காணிக்கிறேன்."

தார்யா சாம்பல் நிறத் துணியைச் சுவரில் மாட்டினாள். மோதிரத்தைக் கழற்றி வைத்தாள். டாக்டரின் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று, வழக்கம்போல வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தாள். சமையலறை, படுக்கையறை. சௌனாவில் காற்றுப்போக்கி ரீங்கரிக்கும். அதன் மரக்கதவையும் அண்ணனை உள்ளே வைத்தே சாத்தினாள். பிறகு குளியலறைக் கதவு. என் தங்கையை வீடியோவில் அழைத்துப் பேச்சுக் கொடுத்தாள்.

உள்ளே ரைமோ தன் அலுவலகப் பையன் ஒருவனுக்கு போனில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். சாத்திய கதவுகளைத் தாண்டியும் அந்தக் குரல் வந்தது. "இதுல அடிப்படை என்னன்னா தம்பி... ஹலோ? ஹலோ?"

அதே நேரம் திரையில் என் தங்கை வாயைத் திறந்தபடி நின்றுபோனாள்.

சௌனாக் கதவு திறந்தது. "ஆங், கேக்குதா?" என்றார் ரைமோ. தங்கை வாயை மூடினாள். கதவு சாத்திக்கொண்டது. "ஹலோ?" தங்கை உறைந்தாள். இன்னொரு தடவையும் அப்படியே. தார்யா கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் போனபோது ரைமோ சுவரை நகத்தால் தட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இந்தப் பலகைக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"அலுமினியத் தாள். சூடு வெளிய போகாம. எல்லா வீட்டு சௌனாலயும் உள்ளதுதானே."

"சூடு மட்டும்தான் போகாதா? கதவச் சாத்தினா சிக்னலும்தான்," என்றார். மடிக்கணினியை மூடினார். பிறகு, "காலைலேர்ந்து ஒரு அலுமினிய டப்பாக்குள்ள உக்காந்து சேனல் மாத்திட்டிருக்கேன். ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லிடாத."

இப்படி ஒரு நிமிடத்துக்காக நான் பல கிறிஸ்துமஸ் விருந்துகளாகக் காத்திருந்தேன். சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக வாயில் நின்றது. அதற்குள் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு முதல் டயரைத் தோளில் ஏற்றிக்கொண்டு கீழே நிலவறைக்கு நடந்துவிட்டார். நான் இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

பெட்டிகளுக்கு அடியில், தன் ஐம்பதாவது பிறந்தநாளில் வந்தவர்களுக்கெல்லாம் அவர் பரிசாகக் கொடுத்த அவருடைய புகைப்படம் கிடந்தது. தூசியைத் துடைத்துப் பார்த்தார்.

"ஃபிரேம் நல்ல ஃபிரேம்," என்றார்.

"அதான் பத்திரமா வெச்சிருந்தோம்."

"தெரியுது."

ரவுட்டர் கூடத்து அலமாரியின் உச்சிக்குப் போனது. அதன் கண்ணின் மேல் ரைமோவே கறுப்பு டேப் ஒட்டினார். கதவுகளைச் சாத்தியும் திறந்தும் பார்த்தோம். தங்கை ஒரு தடவைகூட உறையவில்லை. கடைசியில் அலுத்துப்போய், அடுப்பில் உருளைக்கிழங்கு இருக்கிறது என்று அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

திங்கட்கிழமை ரைமோ விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து நின்றார். நாங்கள் இருவரும் வீட்டில் இருந்தால் மூச்சுச் சத்தம்கூடத் தொந்தரவு என்று தார்யா எங்களை சௌனாவுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். காலியான அறை. குளிர்ந்த கல். கம்பளிச் சட்டையோடு மேல்பலகையில் இரண்டு ஆண்கள். போன் எடுக்காது, வெளியே நடப்பது எதுவும் கேட்காது. இங்கே சிக்னல் வராத ஒரே இடத்தில் டிஜிட்டல் தலைவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அறுந்துட்டா?" என்றார் மெதுவாக.

"அறாது மச்சான்."

கடைக்காரருக்கும் பஸ் டிரைவருக்கும் நாள் முழுக்க நன்றி சொல்கிறோம். சொந்த மச்சானிடம் அது தொண்டையைத் தாண்ட மாட்டேன் என்கிறது. ஒரு வழியாகத் தயார் செய்து, "மச்சான்..." என்றேன்.

"என்ன?"

"சாயங்காலம் இந்த அடுப்ப மூட்டுவோமா?"

"மூட்டுவோம்," என்றார். "தண்ணி தெளிக்கிறதுல ஒரு முறை இருக்கு. நான் சொல்றேன்."

கதவு திறந்தது. தார்யா வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றாள். முகம் சரியாகத் தெரியவில்லை. வேலையின் மொழியிலிருந்து அவள் இன்னும் வெளியே வந்திருக்கவில்லை போலும், வாய் திறக்கவில்லை. விரல் நுனிகளை மோவாயில் வைத்து, கையை மெல்ல எங்கள் பக்கம் தாழ்த்தினாள். அவள் மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான், நன்றி. ரைமோவுக்கு அதுவும் தெரியாது.

என்ன சொல்கிறாள் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. எதையும் விளக்கவும் இல்லை. டேப் பசையும் தூசியும் இன்னும் போகாத விரல்களைத் தன் மோவாயில் வைத்து, தப்பும் தவறுமாக, கையை அவள் பக்கம் தாழ்த்தினார்.