குழாய்க்காரரின் நாளை

குழாய்க்காரரை அடக்கம் செய்த மறுநாள் காலையில், அவர் ஆயுசெல்லாம் ஊதித் தள்ளிய புகை வீட்டுக்குத் திரும்பி வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. ஒரேயடியாக வந்துவிடவில்லை. முதலில் வீட்டில் விட்ட புகை வந்தது. பிறகு ஊரெல்லாம் குழாய் மாட்டப் போன இடங்களில் விட்டது வந்தது. கடைசியாக, மழைக்குப் பாலத்தடியில் ஒதுங்கியபோது விட்டது ஈரம் சொட்டச்சொட்ட வந்து சேர்ந்தது. சாயங்காலத்துக்குள் ஆள் முழுசாகிவிட்டார். அதே கூன், அதே சரிந்த இடது தோள், அதே கால்மேல் கால். முகம் மட்டும் அவ்வளவு தெளிவில்லை. உயிரோடு இருந்தபோதும் அந்த முகத்தை எல்லோரும் புகைக்கு நடுவில்தான் பார்த்திருந்தார்கள் என்பதால், இவர் அவர்தானா என்ற சந்தேகம் யாருக்கும் வரவில்லை.

அவர் மனைவி தையல்காரர். பார்த்ததும் கூச்சல் போடவில்லை. தையல் மெஷினை நாற்காலிப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "வந்தது வந்தாச்சு, துணிமேல படாம உக்காருங்க" என்றார். புகை ஒடுங்கி உட்கார்ந்தது. துணி தைக்கக் கொடுத்தவர்கள் வாடை அடிக்கிறதென்று கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள், பிறகு வெயிலில் உதறிப் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார்கள். இப்படியே ஒரு வருஷம் போனது. அந்த அம்மாள் தைத்துக்கொண்டே பேசுவார், புகை கேட்டுக்கொண்டிருக்கும். உயிரோடு இருந்தபோது இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை என்று அவரே பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அந்தப் பகுதியில் வீடு வீடாகப் போய்ப் புகையிலையை விடவைக்கும் வேலைக்கு நகராட்சி சுகாதாரப் பிரிவு ஒரு பெண்ணை வைத்திருந்தது. நாளைக்கு அக்கா என்று கேட்டால் குழந்தைகூட வீட்டைக் காட்டும். விடவைக்கும் வேலைதான், ஆனாலும் அவர் யாரையும் "விடுங்க" என்று சொன்னதே கிடையாது. எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எதுக்காக விடணும்னு உங்களுக்குத் தோணுது என்று கேட்பார். பதில் வரும்வரை வாயைத் திறக்கமாட்டார். பதில் வந்ததும், என்னிக்கு என்பார். எல்லோரும் "நாளைக்குக்கா" என்பார்கள். பேர் அப்படி ஒட்டிக்கொண்டது. அநேகம் பேருக்கு அந்த நாளை என்றைக்காவது வந்துசேர்ந்தது. குழாய்க்காரருக்கு மட்டும் வரவில்லை. மாதம் தவறாமல் அக்கா போவார். குழாய்க்காரர் டீ போட்டுக் கொடுத்து, சுகாதார அலுவலகத்தின் ஒழுகும் குழாயைப் பற்றி அக்கறையாக விசாரித்துவிட்டு, நாளைக்கு என்பார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அக்காவைப் பார்த்துச் சிரித்து, "நாளைக்கு, கண்டிப்பா" என்றார். நுரையீரல் அதற்குள் முந்திக்கொண்டது.

வருஷம் திரும்பியதும் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மாதம் நிறையாத பெண் குழந்தை, ஒரு கைக்குட்டையில் சுற்றிவிடலாம் போல இருந்தது. மருமகனுக்குக் கப்பலில் வேலை. மகள் அம்மாவிடம்தான் வந்தாக வேண்டும். டாக்டரோ, பிஞ்சு நுரையீரல், புகைவாடைகூட ஆகாது என்று சொல்லிவிட்டார். மகள் போனில், "அம்மா, அப்பா அங்க இருக்கிறவரைக்கும் நான் எப்படிம்மா வர்றது" என்று கேட்டுவிட்டு அழுதாள். தையல்காரர் நாளைக்கு அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"குழந்தை வரணும்மா. ஆனா அவரை அனுப்பிடாதே."

"ரெண்டும் வேணும்னா நான் எங்க போவேன் அண்ணி?" என்றார் அக்கா.

விஷயம் சுகாதார அதிகாரியின் காதுக்குப் போனது. எந்தப் புகார் வந்தாலும் கொசுமருந்துப் புகை அடித்துவிடுவது அந்த அலுவலகத்தின் பழக்கம். குப்பை அள்ளவில்லை என்றாலும் அடிப்பார்கள், நாய்த்தொல்லை என்றாலும் அடிப்பார்கள். மறுநாளே மருந்தடிக்கிறவர் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"உள்ள யாரும்மா இருக்கீங்க?"

"எங்க வீட்டுக்காரர் இருக்கார்."

"வெளியே வரச்சொல்லுங்க, மருந்தடிக்கணும்."

"அவர் மேலதானேப்பா அடிக்கச் சொல்லியிருக்காங்க!"

அடித்தார். வெள்ளைப் புகை அறையை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே இரண்டு புகையும் என்ன பேசிக்கொண்டனவோ, கொஞ்ச நேரத்தில் மருந்துப் புகை ஜன்னல் வழியாக மரியாதையாகக் கிளம்பிப் போயிற்று. குழாய்க்காரர் அதே நாற்காலியில் இருந்தார், முன்னைவிடக் கொஞ்சம் சதை போட்டிருந்தார். வீட்டில் கொசு மட்டும் ஒன்றுகூட இல்லை.

அடுத்த நாள் நாளைக்கு அக்கா மூச்சைச் சோதிக்கும் கருவியோடு வந்தார். ஒரு வீட்டில் ஒருவர் புகைத்தால் வீட்டிலுள்ள எல்லோரையும் ஊதச் சொல்வது அவர் வழக்கம். தையல்காரர் ஊதினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"நான் ஜென்மத்துல ஒண்ணு பத்தவெச்சதில்லையே!"

"உங்களுக்கும் சேர்த்து அண்ணன் பத்தவெச்சிருக்கார் அண்ணி."

இதைக் கேட்டதும் புகை நாற்காலியைவிட்டு எழுந்து நின்றது. வந்த நாளிலிருந்து அது எழுந்ததே இல்லை. நாளைக்கு அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் எல்லோரும் புகையை விரட்டத்தான் பார்த்தார்களே தவிர, யாரும் அதனிடம் கேட்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தார். "அண்ணே, எதுக்காக விடணும்னு உங்களுக்குத் தோணுது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். தையல்காரர் குறுக்கே ஏதோ சொல்லவந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். ஜன்னல் வெயில் தரையிலிருந்து சுவரில் ஏறியது. கடைசியில் புகையிலிருந்து ஒரு இழை பிரிந்து மெஷின் பக்கம் வந்தது. ஊசிக்கடியில் பாதி தைத்த குழந்தைச் சட்டை ஒன்று கிடந்தது, உள்ளங்கை அகலம்கூட இல்லாதது. இழை அதன் மேலே தயங்கி நின்றுவிட்டு, தொடாமல் பின்வாங்கிக்கொண்டது.

"சரிண்ணே. என்னிக்கு?"

புகைக்கு வாய் ஏது? தையல்காரர்தான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாளைக்காம்" என்றார்.

அக்கா சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியைத் தையல்காரரின் பக்கமாகத் திருப்பிப் போட்டார். "நீங்க என்னிக்கு விடறீங்க அண்ணி?"

மெஷின் நின்றது. "எதுக்காகன்னு என்னைக் கேக்கமாட்டியா?"

"அதைத்தான் தைச்சிட்டிருக்கீங்களே."

அந்த அம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். சட்டையை உதறி மடித்தார். "அவருக்கு என்னிக்கோ அன்னிக்கேதான்."

அந்த நாளை வந்தது. காலையில் தையல்காரர் திரைச்சீலைகளைக் கழற்றி ஊறவைத்தார், சுவரைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தார். புகை எழுந்து, ஜன்னல் திறந்திருந்தும் அதன் வழியாகப் போகாமல், வேலைக்குக் கிளம்புகிற மனிதரைப் போல வாசல்வழியே இறங்கிப் போனது. தெருமுனையில் குழந்தைகள் காப்பகத்துக்காக நகராட்சி ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தது, அதற்கு இந்தப்புறம் யாரும் புகைக்கக் கூடாது. புகை கோட்டைத் தாண்டி விளக்குக் கம்பத்தடியில் நின்றுகொண்டது. முதல் வாரம் இரண்டு பேருக்கும் கஷ்டம்தான். புகை படிவரை வந்து வந்து நிற்கும். தையல்காரர் கம்பம்வரை போய்ப்போய் நிற்பார். ஆசை வரும்போது தண்ணீர் குடிங்க, கொஞ்சம் தள்ளிப்போடுங்க என்று எல்லோருக்கும் சொல்வதையே அக்கா இவர்களுக்கும் சொன்னார். தையல்காரர் குடம் குடமாகக் குடித்தார். புகை தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வரும். அந்த மாதக் கடைசியில் அவர் ஊதியபோது பச்சை விளக்கு எரிந்தது. அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டார்.

குழந்தை வந்தது, தேறியது, இப்போது பள்ளிக்கூடம் போகிறது. சுகாதார அதிகாரி வந்து 'இது புகையில்லாத தெரு' என்ற பலகையை அந்த விளக்குக் கம்பத்திலேயே அடித்துவிட்டுப் போனார். புகை அதை நின்று நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு, பலகைக்கு இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதற்கும் இடம்விட்டு நிற்கிறார்கள். பேத்தி தினமும் கோட்டுக்கு இந்தப்புறமிருந்தே, "தாத்தா, போயிட்டு வரேன்" என்று கையாட்டுகிறாள். காற்று வீட்டுப் பக்கம் திரும்பும் நாட்களில், கொடியில் அவளுடைய சட்டைகள் காய்கின்றனவா என்று புகை எட்டிப் பார்க்கும். காய்ந்தால், யாரும் சொல்லாமலே எதிர்ச்சாரிக்குப் போய்விடும்.