பீலிக்ஸின் பாதங்கள்

2003ஆம் ஆண்டு வைகாசியிலிருந்து ஜேர்மனியின் ஹம் நகரத்தில் பீலிக்ஸின் கால்கள் நிலத்தில் படவில்லை. ஆர்ச்சி மக்கின்ரயர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் அப்போது தமிழ்க் கத்தோலிக்கரின் மண்டபச் சுவரில் பன்னிரண்டு சீடர்களை வரைந்துகொண்டிருந்தார். அவர் நாவலாசிரியரும்கூட. ஓவியம் வரையும்போது நாவல் ஞாபகம் வரும், நாவல் எழுதும்போது ஓவியம். ஆகவே இரண்டிலும் முடித்தவை குறைவு. ஆட்களைத் தலையிலிருந்து கீழ்நோக்கி வரைவது அவர் வழக்கம். சீடர்களில் மூத்தவரான இராயப்பருக்கு மாதிரியாக நின்றவர் பீலிக்ஸ், மன்னாரிலிருந்து வந்து தொழிற்சாலையில் வேலை செய்தவர். கணுக்கால்வரை வரைந்ததும் ஓவியருக்கு நாவலின் ஓர் அதிகாரம் ஞாபகம் வந்தது. தமிழரிடம் கற்றுக்கொண்டபடி “போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டு கிளாஸ்கோவுக்குப் போய்விட்டார். அன்று மாலை பீலிக்ஸ் ஒரு சாண் உயர்ந்தார்.

தொழிற்சாலையில் அவரை மேல்தட்டுகளில் பெட்டி அடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். கிளாஸ்கோவில் ஓர் அதிகாரம் முடியும்போதெல்லாம் பீலிக்ஸ் இன்னும் கொஞ்சம் ஏறினார். பீலிக்ஸின் மனைவி ஞானமலர் தொலைபேசி எடுத்தால் ஓவியர் “வாறன், வாறன்” என்பார். பக்கத்து ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குச் சாமிப்படம் வரையும் குமாரசாமி, பாதங்களை வரைய மறுத்துவிட்டார். “வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போன ஆளின்ரை வேலையிலை கைவைக்க ஏலாது, தங்கச்சி.” அதில் யாரும் பிழை காணவில்லை.

2008இல் மகள் லவினியாவுக்குக் கலியாணம் நிச்சயமானது. பீலிக்ஸ் அப்போது கதவு நிலைக்கு மேலே இருந்தார்.

“அப்பா என்ரை கையைப் பிடிச்சு நடந்து வராட்டி எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்” என்றாள் லவினியா.

“பலூன் மாதிரி நூல் கட்டி இழுப்பம், பிள்ளை” என்றார் மாப்பிள்ளையின் தகப்பன் டக்ளஸ். லவினியா சிரிக்கவில்லை.

கலியாணத்துக்கு முதல்நாள் ஞானமலர், வீட்டுச் சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயின்ற்றோடு மண்டபத்துக்குப் போனார். அதற்குமுன் அவர் எதையும் வரைந்ததில்லை. இடதுகாலைக் கதிரையில் தூக்கிவைத்து, அதைப் பார்த்து இராயப்பருக்கு ஒரு பாதம் வரைந்தார். வலதுகாலில் நின்றதால் அதைப் பார்க்க வசதிப்படவில்லை. இடதையே மறுபடியும் வரைந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

பீலிக்ஸ் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“இஞ்சாரும், ரெண்டும் இடது காலப்பா!”

“நிலத்திலை நிக்குதோ இல்லையோ? அதைச் சொல்லுங்கோ.”

நின்றது. மறுநாள் மாதா கோவிலில் அவர் நடை ஒரு பக்கம் இழுத்தது. லவினியா கையை இறுக்கிப் பிடித்து நேராக்கிக்கொண்டாள். அடுத்த வருடம் ஓவியர் கிளாஸ்கோவில் காலமானார். நாவல் கடைசி அதிகாரம் இல்லாமலே வெளிவந்தது.

பீலிக்ஸ் சப்பாத்து வாங்கினால் ஒரே மாதிரி இரண்டு சோடி வாங்குகிறார். கடைக்காரப் பெண் கேட்காமலே இடது இரண்டையும் ஒரு பெட்டியில் வைத்துக் கொடுக்கிறாள்.