மருமகளின் இங்கிலீஷ்

டீச்சரம்மாவிடம் இங்கிலீஷில் வாய் கொடுத்தவர் தப்பித்ததில்லை. மாணவர்களை விடுங்கள், பால்காரர் "டுமாரோ ஐ நாட் கமிங்" என்றால்கூட நிறுத்தி வைத்துத் திருத்துவார். வீட்டு முன்னறையில் தினமும் மாலை வகுப்பு. அங்கே 'டிஸ்கஸ்' பின்னால் 'அபவுட்' ஒட்டக்கூடாது. 'ரிட்டர்ன்' பின்னால் 'பேக்' வரவே கூடாது. இதற்காக வருடக்கணக்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பிழை காதில் விழுந்த மறுநொடி வாய் தானாகத் திறந்துகொள்ளும். பாவம், அவர் என்ன செய்வார்!

மருமகள் விஷயத்திலும் அந்த வாய்தான் கெடுத்தது. கப்பலில் வேலை பார்க்கும் மகன் வேற்று நாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவளுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. இங்கிலீஷும் கல்யாணத்துக்குப் பிறகு தட்டுத் தடுமாறிக் கற்றதுதான். தாயில்லாப் பெண், நிறைமாதம். அவன் கரை திரும்ப நாளாகும் என்பதால் பிரசவத்துக்கு இங்கே வந்தாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மாமியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஐ வெயிட் யூ லாங் டைம்" என்றாள். உங்களைப் பார்க்க எவ்வளவு நாளாய்க் காத்திருந்தேன் என்று சொல்ல வந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பாள்.

"வெயிட்டட் ஃபார், டியர். 'ஃபார்' விட்டுட்டியே" என்று இங்கிலீஷிலேயே திருத்தினார் டீச்சரம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொன்ன பிறகுதான் உறைத்தது. அதற்குள் பெண் கைகளை விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து எஸ், நோ, தேங்க்யூ. அதில் தப்பு வர வழியில்லையே!

போன வாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ், பிரசவ அறைக்குள் யார் கூட இருப்பார்கள் என்று கேட்டாள். மருமகள் தரையைப் பார்த்தபடி "நோபடி" என்றாள். பக்கத்தில் நின்ற டீச்சரம்மா, நான் இருக்கிறேன் என்று சொல்லத் துடித்தார். அவளாகக் கூப்பிடாத இடத்தில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

இன்று துணி வாளியோடு பின்கட்டுக்கு வந்தவர், கதவருகே நின்றுவிட்டார். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அவருடைய கணவர் பழைய பெட்டி ஒன்றின் முதுகைக் கழற்றிப் போட்டிருந்தார். எதிரே முக்காலியில் மருமகள். கணவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரு கைக்குள் அடங்கும். அதை வைத்துக்கொண்டு அவர் ராஜாவாக வாழ்ந்தார்.

"திஸ் ஃபெல்லோ நோ கூலிங். ஐ கிவ் கேஸ், ஹி ஹேப்பி."

மருமகள் குலுங்கிச் சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சிரித்து டீச்சரம்மா கேட்டதே இல்லை. பொறாமையாக இருந்தது. அழுகையும் வந்தது.

சிரிப்பு அடங்கியதும் அவள் மாமனாரிடம் மெல்லக் கேட்டாள். "பப்பா, மம்மா நோ லைக் மீ?"

"ஐயோ, நோ நோ! ஷி லைக் மச். ஒன்லி மவுத் பிராப்ளம். மவுத் ஆல்வேஸ் கிளாஸ் டேக்கிங்." அவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "ஹியர் குட்."

அத்தனை பிழைகள். ஒன்றுகூட டீச்சரம்மாவின் காதில் ஏறவில்லை. வாளியை வைத்துவிட்டு மருமகளின் முக்காலி அருகே போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"வந்தாச்சா? தாயே, உன் வாய்க்கு இன்னிக்கு ஒரு நாள் லீவு குடு" என்றார் கணவர்.

டீச்சரம்மா மருமகளின் வீங்கிய பாதத்தை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிடத் தொடங்கினார். அவள் முதலில் கூச்சத்தில் காலை இழுத்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

"மம்மா" என்று கூப்பிட்டாள். "ஐ மச் ஃபியர். பேபி டே... யூ கம் இன்சைட் வித் மீ? ஹோல்ட் ஹேண்ட்?"

எத்தனையோ பேருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த வாய்க்கு அந்த நேரத்தில் 'எஸ்' கூட வரவில்லை, தமிழ்தான் வந்தது.

"வரேன்டா கண்ணு. கையை விடவே மாட்டேன்."

மெக்கானிக் அதை மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். மருமகள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அதற்குள் அவள் அழ ஆரம்பித்திருந்தாள்.