திரையில் பதினெட்டு

டாக்டர் காட்டிய திரையில் பதினெட்டு என்று இருந்தது. பார்த்ததுமே அந்த எண்ணின் மேல் எனக்குச் சந்தேகம். சந்தேகம்தான் எனக்குச் சோறு போடுகிறது. பத்தொன்பது வருடமாக லாரி எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே நிறுத்துகிறவர்கள், கேபினில் ஆளை ஒளித்துவைத்து எடையைக் கூட்டுகிறவர்கள் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று.

அப்பாவுக்கு ரத்தத்தில் கிருமி பரவி, பிரஷர் அடியோடு இறங்கிவிட்டது. மூச்சு இயந்திரத்தின் கையில். காலையிலிருந்து ஏறிய மூன்று பாட்டில் சலைனில் முகம் உப்பிக் கிடந்தது. நாலாவதையும் இதயம் ஏற்றுக்கொண்டால் பிழைப்பார். ஏற்காவிட்டால் அந்தத் தண்ணீர் நுரையீரலில் போய்த் தேங்கும்.

“மெஷின் காத்தைத் தள்ளும்போது நாடி எவ்வளவு கூடிக் குறையுதுங்கிறதுதான் இந்த நம்பர். பதிமூணுக்கு மேல இருந்தா சலைன் உதவும்னு கணக்கு,” என்றார் டாக்டர். என் மகள் வயதுதான் இருக்கும்.

தம்பி என் முழங்கையை இடித்தான். “அப்ப சீக்கிரம் ஏத்தச் சொல்லுக்கா. எதுக்கு யோசிக்கிறாங்க?”

நான் அப்பாவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் ஊதியது, வயிறு எழுந்தது, அடங்கியது. அடுத்த ஊதலுக்கு முன்பே உள்ளே சின்னதாக ஓர் இழுப்பு. மறுபடியும் அதே.

“டாக்டர், நடுவுல அவரும் மூச்சு இழுக்கிறாரே?”

அவர் அப்பாவின் வயிற்றில் கையை வைத்து அப்படியே நின்றார். “ஆமாம்மா. மயக்க மருந்து குறைஞ்சிருக்கு. அவரே மூச்சு விட்டா இந்த நம்பரை நம்ப முடியாது.” ஆக, மேடையில் ஒரு காலை வைத்திருந்தது அப்பாவேதான்.

“அவர் காலை உயர்த்தி, அதுல இருக்கிற ரத்தத்தையே ஒரு நிமிஷம் இதயத்துக்கு அனுப்பிப் பாக்கலாம். ஒத்துக்கலேன்னா இறக்கிடலாம். ஏத்தின சலைனை அப்படித் திரும்ப எடுக்க முடியாது.” பொத்தானை அழுத்தினார். கட்டிலின் தலைப்பக்கம் தாழ்ந்து கால்பக்கம் உயர்ந்தது. தம்பி அவசரமாகக் காலைப் பிடிக்கப் போனான்.

“தொடாதீங்க. வலிச்சாலும் பிரஷர் ஏறும். அப்புறம் அதையும் நம்ப முடியாது.”

முதல் தடவையாக அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்தது. எங்கள் தொழிலுக்கு வந்திருந்தால் முன்னுக்கு வந்திருப்பாள்.

நெஞ்சில் ஸ்கேன் கருவியை வைத்து, இதயம் தள்ளும் ரத்தத்தை அளந்தார்.

“அளவு ஏறல. சலைன் வேண்டாம். பிரஷர் மருந்தைக் கூட்டறேன்.”

தம்பி என்னைப் பார்க்காமல் சொன்னான்: “நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, இந்நேரம் பாட்டில் பாதி ஏறியிருக்கும்.”

எடை தப்பானால் லாரியைத் திரும்பக் கூப்பிடலாம். இப்போது என் வாயிலிருந்து வந்ததை யார் நிறுத்துப் பார்ப்பது?

கட்டில் சமமானது. நாலாவது பாட்டில் மூடி திறக்காமல் கம்பியில் தொங்கியது. போர்வை விலகி, அப்பாவின் வீங்கிய பாதம் ஒன்று வெளியே கிடந்தது. மூடிவிடக் கையை நீட்டியவள், தொடலாமா என்று டாக்டரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.